கொரங்காட்டில் மறுபடி புல் விதைக்க: பவர் ஹாரோவா, ரொட்டவேட்டரா, ஒன்பது கலப்பையா?

கொழுக்கட்டைப் புல் விதையை உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். மெல்லிய முடி சுற்றிய உறைக்குள் குருணையிலும் சிறிய மணி இருக்கும். அரை முதல் ஒரு செ.மீ. ஆழத்தில் மண் போர்த்தினால் முளைத்து வரும். மூன்று நாலு செ.மீ. உள்ளே போனால் முளை வெளிச்சத்தைத் தொடும் முன்பே விதையில் இருக்கும் சத்து தீர்ந்துவிடும். மேலாகக் கிடந்தாலோ காற்றும் எறும்பும் கொண்டுபோகும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொரங்காட்டை, அதாவது உயிர்வேலி கட்டிய மேய்ச்சல் காட்டை, புதுப்பிக்க நினைப்பவர்கள் கருவி தேடும்போது இந்த ஒரு செ.மீ. கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹெச்.பி.யும் விலையும் அதற்குப் பிறகு.

செங்குத்தான பற்கள் சுழன்று மண்ணைக் கலக்கும் பவர் ஹாரோ இப்போது சிறிய அகலத்திலும் கிடைப்பதால், 45–50 ஹெச்.பி. டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல் ஆசை வருவது இயல்பு. அருமையான கருவிதான். ஆனால் எல்லாக் கொரங்காட்டுக்கும் பொருந்தாது. பொருந்தாத மண்ணில் இறக்கினால் முதல் ஏக்கரிலேயே பல் வளையும்.

காட்டைச் சுற்றி வந்தபின் கடைக்குப் போகலாம்

வேலிக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இருபது இடத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, உயிருள்ள தூர்களை எண்ணுங்கள். கொழுக்கட்டைக்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 50 × 30 செ.மீ. அந்தக் கணக்கில் சதுர மீட்டருக்கு ஆறேழு தூர் வரும். உங்கள் காட்டில் சராசரி நாலு இருந்தால் முழு உழவே வேண்டாம். பழைய தூரின் வேர் வறட்சியைத் தாங்கிப் பழகியது. அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புது நாற்றை நம்புவது நட்டம். அந்த மாதிரிக் காட்டில் ஒன்பது கலப்பையில், அதாவது ஒன்பது கொழு வைத்த டிராக்டர் கலப்பையில், ஒன்று விட்டு ஒன்று கொழுவைக் கழற்றி, சொட்டையான இடங்களில் மட்டும் 5 செ.மீ. ஆழம் கீறி, விதையைத் தூவி, மண் மூடும்படி மேலே முள் கொத்தை இழுத்தால் போதும். இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு வரும் எதுவும் அந்தக் காட்டுக்குத் தேவைப்படாது.

சராசரி இரண்டுக்குக் கீழே இறங்கி, பார்த்தீனியமும் சீமைக்கருவேலக் கன்றும் ஏறியிருந்தால் முழுக்காட்டையும் மறுவிதைக்கத்தான் வேண்டும். அப்போது அடுத்த சோதனை கல். பத்து இடத்தில் ஒரு அடிச் சதுரத்துக்கு 15 செ.மீ. ஆழம் தோண்டி, மண்ணைக் கையால் அலசிப் பாருங்கள். இந்தப் பகுதிச் செம்மண்ணுக்கு அடியில் சரளையும் சுக்கானும் வெங்கச்சங்கல்லும் எங்கே மேலே ஏறிவரும் என்று சொல்ல முடியாது. ஒரே காட்டில் மேல்மூலை நல்ல செவ்வல், கீழ்மூலை வெறும் சரளை என்று இருக்கும். புளியங்கொட்டை அளவுச் சரளை எந்தக் கருவியையும் உடைக்காது, பல்லைத் தேய்க்கும், அவ்வளவுதான். கைமுட்டி அளவுக் கல் பத்துக் குழியில் இரண்டுக்கு மேல் கிடைத்தால் பவர் ஹாரோவை மறந்துவிடலாம். அதன் பற்கள் செங்குத்தாக நின்று சுழல்கின்றன. கல் இரண்டு பல்லுக்கு நடுவில் மாட்டினால் விலகிப்போக வழியே கிடையாது.

மூன்றாவதாக மரம். கொரங்காடு என்றால் வெள்வேல் இருக்கும். மரத்தின் நிழல் விழும் வட்டத்துக்குள் பி.டி.ஓ.வில், அதாவது டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில், ஓடும் எந்தக் கருவியையும் இறக்காதீர்கள். வேரில் அடிபட்டுக் கருவியும் கெடும், மரமும் கெடும். சீமைக்கருவேலை வெட்டி மட்டும் விட்ட காட்டில், மண்ணுக்குள் மறைந்திருக்கும் கட்டை மேலே நிற்கும் மரத்தை விட ஆபத்தானது. அடிக்கட்டையோடு பிடுங்கிய பிறகே உழவு.

ஒன்பது கலப்பை

எல்லாருக்கும் கிடைப்பது, கல்லுக்கு அஞ்சாதது. ஸ்பிரிங் வைத்த கொழு கல்லில் பட்டால் பின்னால் மடங்கி, தாண்டியதும் திரும்பி வந்து நிற்கும். இரண்டு மீட்டர் அகலத்தில், மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், திருப்பும் நேரத்தையும் கழித்தால் மணிக்கு ஒன்றே முக்கால் ஏக்கருக்கு மேலேயே ஓடும்.

குறை என்னவென்றால் அது சாலும் மேடுமாக விட்டுப் போகிறது. தூவிய விதை சாலுக்குள் உருண்டு விழும். முதல் மழையில் மேட்டு மண் கரைந்து அதன் மேல் படியும். விதை அஞ்சு செ.மீ. ஆழத்தில் புதைந்துவிடும். கொரங்காட்டில் விதைத்தும் முளைக்கவில்லை என்றால் பாதி நேரம் காரணம் இதுதான், விதையைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆகவே கலப்பையை மட்டும் நம்புபவர்கள் குறுக்குச் சால் ஓட்டியபின் கட்டாயம் பலகை இழுத்து மட்டம் செய்த பிறகே விதைக்க வேண்டும். விதைத்தபின் இலந்தை முள்ளோ வேல முள்ளோ ஒரு பெரிய கொத்தாகக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து இழுத்தால் சரியாக ஒரு செ.மீ. மண் மூடும். இந்த வேலையை எந்த இயந்திரமும் இதைவிடச் சிறப்பாகச் செய்யாது.

மிச்சம் இருப்பது அமுக்கம். உதிரி மண்ணில் கிடக்கும் விதைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறாது. உருளை இல்லாவிட்டால் செம்மறிப் பட்டியைக் காட்டுக்குள் விட்டு மெதுவாக இரண்டு தடவை நடத்துங்கள். மண் காய்ந்திருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். ஈர மண்ணில் விதை குளம்போடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

ரொட்டவேட்டர்

ஊருக்கு நாலு இருக்கும், வாடகைக்கு உடனே வரும். அதன் பலம் வெட்டுவது. பழைய புல்தரையை, பார்த்தீனியத் தண்டை, வேர்க்கொத்தை எல்லாம் நறுக்கி மண்ணோடு கலந்துவிடும். இந்த ஒரு வேலையில் பவர் ஹாரோ அதற்கு ஈடாகாது.

ஆனால் அதே வெட்டு மூன்று இடத்தில் கெடுக்கிறது. அருகும் கோரையும் உள்ள காட்டில் ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். ஒன்றரை மாதத்தில் புல் விதைத்த காடு அருகங்காடாகிவிடும். இரண்டாவது, எல் வடிவப் பிளேடின் படுத்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஆழத்தில் அடிமண்ணைத் தேய்த்துக்கொண்டே போகிறது. ஈரம் சற்றுக் கூடுதலாக இருக்கும்போது ஓட்டினால் அந்த இடம் பூசிவிட்டது போல் வழுவழுப்பாகும். பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழத்தில் ஒரு தகடு உருவாகி, மழைநீர் அதற்கு மேலேயே நின்று ஓடிப்போகும். ஆண்டுக்கு 600 மி.மீ. சொச்சம் மழை பெய்யும் ஊரில் அந்த நீரை இழக்க முடியாது. மூன்றாவது, செம்மண்ணை இரண்டு தடவை ஓட்டினால் மாவாகிவிடும். மழை அடித்துக் காய்ந்ததும் மேலே பொருக்குத் தட்டும், மெல்லிய புல்முளைக்கு அதைக் கிழிக்கும் வலு இருக்காது.

ரொட்டவேட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரே ஓட்டு, 6–7 செ.மீ. ஆழம், கியர் பெட்டியில் குறைந்த சுழற்சி, டிராக்டர் சற்று வேகமாக. பின்தகட்டைத் தூக்கி வைத்தால் மண் கட்டியாக விழும், இறக்கினால் மாவாகும். செம்மண்ணுக்குப் பாதி தூக்கி வையுங்கள். உழுத அன்றே விதைக்கக் கூடாது. ஒரு மழை பெய்து மண் அமர்ந்தபின், மேலாகக் கீறி விதைப்பதே நல்லது.

பவர் ஹாரோ: பல்லுக்காகவா, உருளைக்காகவா?

கட்டியை உடைக்கும் நம் ஊர்ப் பலுகின் சுழலும் வடிவம் என்று இதைச் சொல்லலாம். குறுக்கே நீளும் இரும்புத் தொட்டிக்குள் பல்சக்கரங்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு பல் கொண்ட சுழலி. பக்கத்துப் பக்கத்துச் சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். பெரும்பாலான மாடல்களில் மீட்டருக்கு நாலு சுழலி. 1.5 மீட்டர்க் கருவி என்றால் ஆறு சுழலி, பன்னிரண்டு பல். பல் கிடைமட்டத்தில் மண்ணைக் கலக்குவதால் மேல்மண் மேலேயே இருக்கும், அடிமண் அடியிலேயே இருக்கும். புதைந்து கிடக்கும் களைவிதை மேலே வராது, அடியில் இருக்கும் ஈரமும் வெளியே வந்து காயாது. மானாவாரிக்கு இந்தக் குணம் தங்கம்.

ஆனாலும் புல் விதைப்புக்கு இந்தக் கருவியின் உயிர் பின்னால் உருளும் உருளையில்தான் இருக்கிறது. ஆழத்தைத் தீர்மானிப்பதும் மண்ணை அமுக்குவதும் அதுதான். உருளை இல்லாமல் மலிவாக வரும் பவர் ஹாரோவை வாங்குவதற்கு ரொட்டவேட்டரே மேல். கம்பிக்கூண்டு உருளை எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மணல் கலந்த செவ்வலில் அது புதைந்து ஓடும், அமுக்கம் போதாது. பல் வைத்த கனமான உருளை, அதாவது பேக்கர், செவ்வலிலும் சரி, ஒட்டும் கரிசலிலும் சரி நன்றாக அமுக்கும். ஒட்டும் மண்ணைச் சுரண்டிவிடும் தகடுகள் அதில் இருக்கும். டிராக்டர் தூக்குமென்றால் புல்லுக்கு இதையே எடுங்கள்.

உழாத கெட்டித் தரையிலும், புல் மொத்தையாக நிற்கும் தரையிலும் பவர் ஹாரோவை இறக்கக் கூடாது. பல் வெட்டாது, வாரும். பழைய தூர்களைப் பெயர்த்து முன்னால் குவித்து இழுத்துக்கொண்டு போகும். காட்டை மாடும் ஆடும் ஒட்ட மேய்ந்திருக்க வேண்டும், பிறகு ஒன்பது கலப்பை ஒரு தடவை போயிருக்க வேண்டும். இரண்டாவது மூன்றாவது உழவுக்கும் பலகைக்கும் உருளைக்கும் சேர்த்து ஒரே ஓட்டாக வருவதுதான் பவர் ஹாரோ. கலப்பையை விற்றுவிட்டு இதை வாங்கலாம் என்று யாரும் திட்டமிட வேண்டாம்.

டிராக்டர் கணக்கு இப்படி: அகலத்தில் மீட்டருக்கு 25 முதல் 30 ஹெச்.பி. வேண்டும். 50 ஹெச்.பி. டிராக்டரில் பி.டி.ஓ.வுக்கு வருவது 42–43. ஆகவே 1.5 மீட்டர் நிம்மதியாக ஓடும், 1.8 மீட்டர் முக்கித்தான் ஓடும். இங்கேதான் ஒரு சிக்கல். 14.9–28 டயர் போட்ட டிராக்டரின் பின்புற அகலம் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 1.75 மீட்டர் அளவுக்கு வரும். 1.5 மீட்டர்க் கருவி நடுவில் ஓடும்போது இரண்டு பக்கமும் டயர் தடத்தில் அரைச்சாண் வெளியே நிற்கும். அந்த அமுங்கிய கோட்டில் புல் மெலிந்து வரும். வாங்கும் முன் உங்கள் டிராக்டரை அளவு நாடாவால் அளந்துவிடுங்கள். பின்சக்கரத்தைக் குறுகலான நிலைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்தக் கோட்டில் புல் மெலிவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கிளுவை வேலிக் கடவின் அகலத்தையும் அதே நாடாவால் அளந்துகொள்ளுங்கள்.

எடையும் முக்கியம். பேக்கரோடு சேர்த்தால் 1.5 மீட்டர்க் கருவியே 500 கிலோவைத் தாண்டும், அந்த எடை ரொட்டவேட்டரை விடப் பின்னால் தள்ளி நிற்கும். தூக்கியதும் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. முன்னால் எடைக்கல் போடாமல் வரப்பேற்றாதீர்கள். டிராக்டர் இரட்டை கிளட்ச் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்தும்போதெல்லாம் பி.டி.ஓ.வும் நின்று, மண்ணுக்குள் சிக்கிய பல்லோடு மறுபடி கிளம்ப வேண்டிவரும்.

எங்கே உடைகிறது

பி.டி.ஓ. தண்டில் ஒரு பாதுகாப்பு போல்ட் இருக்கும். கல் சிக்கினால் அது அறுந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். இரண்டு தடவை அறுந்ததும் ஹை டென்சில் போல்ட்டைப் போட்டு இறுக்கிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். மூன்றாவது கல்லில் தொட்டிக்குள் சக்கரப் பல் உடையும். ஐம்பது ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றப் போய்க் கருவியையே இழப்பது இப்படித்தான். கையேட்டில் சொன்ன தரத்தில் பத்து போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியைத் திறந்து வேலை செய்யும் மெக்கானிக்குக்கு இந்தக் கருவி பழக்கம்தானா என்று கேளுங்கள். பக்கத்துச் சுழலிகளின் பற்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, ஒன்று குறுக்கே நின்றால் மற்றொன்று நேராக நிற்கும்படி கோத்திருப்பார்கள். ஒரு பல் தவறிக் கோத்தால் ஓட்டிய நிமிடத்திலேயே மோதும். பல்லிலும் இடது, வலது உண்டு. மாற்றி மாட்டினால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பி மண்ணை அறுக்காமல் தள்ளும்.

கொரங்காட்டில் தனியாக ஒரு தொல்லை உண்டு. வேலியோரம் கிடக்கும் பழைய கம்பியும் நைலான் கயிறும் சுழலியின் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. தொட்டியில் மசகு குறைந்து, பேரிங் சூடாகி, சத்தம் வரும்போது காலம் கடந்திருக்கும். ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு தடவை இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே குனிந்து ஆறு சுழலியின் கழுத்தையும் பாருங்கள். தூக்கிய கருவிக்குக் கீழே கட்டை வைக்காமல் கையை நீட்டாதீர்கள்.

சரளை மண்ணில் பல் சீக்கிரம் தேயும். பாதி நீளம் ஆகும்வரை விட்டால் பல்லைப் பிடிக்கும் தலையே மண்ணில் உரச ஆரம்பிக்கும். அது தேய்ந்தால் செலவு பல மடங்கு. அதற்கு முன்பே ஜோடியாக மாற்றிவிடுங்கள்.

யார் எதை எடுக்கலாம்

அஞ்சு பத்து ஏக்கர் மானாவாரிக் கொரங்காடு மட்டும் இருந்தால் எந்தக் கருவியையும் சொந்தமாக வாங்காதீர்கள். நன்றாகப் பராமரித்த கொழுக்கட்டைக் காட்டுக்கு ஆண்டுதோறும் மறுவிதைப்பு தேவையில்லை. அவ்வப்போது நடக்கும் ஒரு நாள் வேலைக்கு லட்சத்தை முடக்கக் கூடாது. ஒன்பது கலப்பை, பலகை, முள், செம்மறிப் பட்டி, இந்த வரிசை போதும்.

சரளைக் காடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதே பதில்தான்.

கல் இல்லாத செவ்வலோ கரிசலோ இருந்து, கிணற்றுப் பாசனத்தில் தீவனச் சோளம், குதிரை மசால், வேலி மசால், மக்காச்சோளம் என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று விதைப்பும் நடக்கிறதென்றால் பவர் ஹாரோவுக்கு வேலை இருக்கிறது. குதிரை மசால் விதை கொழுக்கட்டையைப் போலவே சிறியது, அதே அமுங்கிய பாத்தியைக் கேட்பது. அப்படிப்பட்ட பண்ணையில் 1.5 மீட்டர், பேக்கர் உருளை, 50 ஹெச்.பி. டிராக்டர் என்பது நல்ல ஜோடி. ஒரே அகலத்தில் ரொட்டவேட்டரை விட விலை கணிசமாகக் கூடுதல். அதனால் தனியாகச் சுமக்காமல் நாலு பேர் சேர்ந்தோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ வாங்குவது சரி. வேளாண் பொறியியல் துறையில் இயந்திரமயமாக்கல் மானியம் பொதுப்பிரிவுக்கு 40 விழுக்காடு, சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு என்ற அடிப்படையில், உச்சவரம்புக்கு உட்பட்டு வருகிறது. கருவியின் மாடல் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

பார்த்தீனியமும் தண்டும் மண்டிய காடு, அருகு இல்லை, கல்லும் அதிகமில்லை என்றால் அந்த ஓராண்டுக்கு ரொட்டவேட்டர் வாடகைக்கு எடுங்கள். வாங்க வேண்டியதில்லை.

பவர் ஹாரோவோடு விதைக்கும் முறை

கோடை மழைக்குப் பின் ஒன்பது கலப்பை ஒரு தடவை. ரொட்டவேட்டர் பல ஆண்டு ஓடிய காடாக இருந்தால் அதற்கு முன் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டித் தகட்டை உடைக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் மக்கிய தொழுவுரம். களை முளைக்கட்டும். புரட்டாசியில் மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதம் வந்ததும் பவர் ஹாரோ.

உருளையின் இரண்டு பக்கப் பின்களும் ஒரே துளையில் இருக்கட்டும். ஆழம் 7–8 செ.மீ. மேல் இணைப்புக் கம்பியைச் சுற்றித் தொட்டியைத் தரைக்கு மட்டமாக நிறுத்துங்கள். கருவியில் உள்ள மட்டப்பலகைக்கு முன்னால் ஒரு கைப்பிடி உயர மண் அலை முழு அகலத்துக்கும் சீராக ஓட வேண்டும். குவிந்து வழிந்தால் பலகையைத் தூக்குங்கள். கருவி தரைக்கு மேல் இருக்கும்போது பி.டி.ஓ.வைப் போட்டு, டிராக்டர் நகர ஆரம்பித்தபின் இறக்க வேண்டும். லீவரை முழுக்க இறக்கிவிடுங்கள், எடை உருளையில்தான் நிற்க வேண்டும். பல் மண்ணுக்குள் இருக்கும்போது திருப்புவதும் கூடாது, ரிவர்ஸ் எடுப்பதும் கூடாது.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 4 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 67 மீட்டர். சுழலி நிமிடத்துக்கு 250 சுற்று, சுற்றுக்கு இரண்டு பல், ஆகப் பல் 500 தடவை மண்ணைக் கலக்கும். ஒவ்வொரு தடவைக்கும் டிராக்டர் 13 செ.மீ. நகர்கிறது. 2.5 கி.மீ. வேகத்தில் அது 8 செ.மீ. ஆகும், மண் அதற்கேற்ப நுணுங்கும். செவ்வலுக்கு 4 கி.மீ. போதும். கரிசலுக்கு 2.5–3. ஓட்டியபின் மேல்மண் பாசிப்பயறு முதல் நெல்லிக்காய் வரை கலந்த அளவில் இருக்க வேண்டும். எல்லாம் மாவாக இருந்தால் வேகத்தைக் கூட்டுங்கள், மறு ஓட்டு ஓட்டாதீர்கள்.

இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை ஊன்றி நில்லுங்கள். குதிகால் இரண்டு செ.மீ.க்கு மேல் புதைந்தால் அமுக்கம் போதவில்லை. விதைக்கும் முன் வெறும் உருளையை ஒரு தடவை உருட்ட வேண்டும்.

விதை ஏக்கருக்கு 2.5 முதல் 3 கிலோ. புது விதைக்கு ஆறு முதல் எட்டு மாத உறக்கம் உண்டு, அதனால் போன ஆண்டு அறுத்து வைத்ததுதான் வேண்டும். முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழாமல் இருக்க, உலர்ந்த மணலோடு பிசிறிப் பாதியை நெடுக்கே, பாதியைக் குறுக்கே தூவுங்கள். முயல் மசால் என்ற தீவனச் செடியையும் சேர்ப்பதானால் அதை 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து உலர்த்தி, தனியாக விதைக்க வேண்டும். ஊறிய விதை காய்ந்த மண்ணில் காத்திருக்காது, அதனால் மண்ணில் ஈரம் உள்ள நாளில்தான் அதற்கு வேலை. விதைத்தபின் பவர் ஹாரோவை மறுபடி மண்ணில் இறக்கக் கூடாது. முள் ஒரு இழுப்பு, பிறகு உருளையோ செம்மறியோ ஒரு நடை.

அந்த ஆண்டு மேய்ச்சலுக்குத் திறக்கும் நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தூரின் மேல்பாதியைக் கைநிறையப் பிடித்து, மாடு இழுப்பதுபோல் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் படலைத் திறக்கலாம். வேரோடு வந்தால் இன்னும் ஒரு மழை போகட்டும்.